திராட்சைத் தண்டுத் துளைப்பான்: மருந்தைத் தேடுமுன் தூளைத் தேடுங்கள்

இலையைத் தின்கிற பூச்சியை இலையில் பார்க்கலாம். சாறு உறிஞ்சுகிறதைத் தளிரைத் திருப்பினால் பார்க்கலாம். தண்டுக்குள்ளே உட்கார்ந்து தின்கிற புழுவை மட்டும் பார்க்க முடியாது. அது செய்த வேலையைத்தான் பார்க்க முடியும். அதையும் பெரும்பாலும் காலம் கடந்த பிறகே பார்க்கிறோம்.

எங்கள் காவேரிப்பாக்கம் பக்கம் நெல், கரும்பு, வேர்க்கடலைதான் முக்கியப் பயிர். தமிழ்நாட்டில் திராட்சை என்றால் முதலில் கம்பம் பள்ளத்தாக்கு. 2023ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் தெரியும். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் 40 சென்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டேன். 260 கொடி. அந்தப் பந்தலில் கற்றதையும், ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். திராட்சை இல்லாதவர்களும் படிக்கலாம். மாமரத்தைத் துளைப்பதும் இதே குடும்பத்து வண்டுதான். சவுக்கிலும் மல்லிகையிலும் கைவைப்பவை இங்கே வரப்போகிற அதே வண்டுகள்.

போவது விளைச்சல் அல்ல, முதல்

அசுவினி வந்தால் ஒரு காய்ப்பு குறையும். அடிச்சாம்பல் நோய் வந்தால் ஒரு போகம் போகும். அடுத்த கவாத்துக்குப் பிறகு கொடி திரும்பத் தழைக்கும். அதெல்லாம் வட்டி நஷ்டம். தண்டுத் துளைப்பான் வந்தால் முதலே போகும். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, குச்சி நட்டு, இரண்டு வருஷம் சோறு போட்டு வளர்த்த கொடி அது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷத்துக்கு மேல் காய்க்கும். கம்பம் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். அந்தக் கொடியின் அடித்தண்டை ஒரு புழு குடைந்துவிட்டால் அத்தனை அறுவடையும் கணக்கில் இருந்து போய்விடும்.

இதில் ஏமாற்று வேலை வேறு இருக்கிறது. துளைக்கப்பட்ட கொடியில் ஒரு கிளை மட்டும் வெளுத்து மஞ்சளாகும், தளிர் சின்னதாக வரும், கொத்து சிறுக்கும். பார்த்தால் சத்துக் குறைபாடு மாதிரியே தெரியும். உடனே மண்புழு உரம் ஒரு கூடை, பஞ்சகவ்யம் ஒரு தெளிப்பு என்று செலவு செய்வோம். தண்டில் தண்ணீர் ஏறும் பாதையே அறுந்து கிடக்க, வேரில் கொட்டி என்ன பயன்? வாராக் கடன் என்று தெரியாமல் அதே ஆளுக்கு மேலும் மேலும் கடன் கொடுக்கிற கதைதான். ஒரு கிளை மட்டும் வாடினால் உரத்தைத் தொடாதீர்கள். முதலில் குனிந்து தண்டைப் பாருங்கள்.

மூன்று வண்டு, மூன்று விதமான வேலை

'தண்டுத் துளைப்பான்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். திராட்சையில் முக்கியமானவை மூன்று. மூன்றுமே நீண்ட மீசை உள்ள வண்டினம். உடம்பு நீளத்துக்கு, சிலதில் அதற்கும் மேலே, மீசை இருக்கும். யார் வந்திருக்கிறார் என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் பலன் இருக்காது.

முதலாவது, செலோஸ்டெர்னா ஸ்காப்ரேட்டர். மங்கிய மஞ்சள் பழுப்பு நிறம், விரல் பருமன், கட்டை விரல் நீளம். இது பிறவியிலேயே கருவேலமரத்து வண்டு. நம்ம மாவட்டத்துக்காரருக்குக் கருவேலம்பட்டை என்றால் ஆவாரம்பட்டையோடு சேர்த்துத் தோல் பதனிட்ட காலம் நினைவுக்கு வரும். அந்தக் கருவேலந்தான் இதற்கு வீடு. இளங்கன்றின் அடித்தண்டில் முட்டை வைத்து, வேர் வரை குடையும் என்று 1914லேயே ஸ்டெப்பிங் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி காட்டுப் பூச்சிகள் பற்றிய தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். இப்போது மகாராஷ்டிராவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும் தொல்லையாக இருக்கிறது. நம் மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சைப் பூச்சிப் பட்டியலிலும் இது உண்டு. இதன் அடையாளம்: புழு தான் தின்ற தூளைத் துளை வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கொடியின் காலடியில் ஈரமான மரத்தூள் குவியும். இது ஒன்றுதான் நமக்குத் தகவல் சொல்கிற திருடன்.

இரண்டாவது, ஸ்ட்ரோமேஷியம் பார்பேட்டம். கருஞ்சிவப்புப் பழுப்பு நிறம். இது காய்ந்த மரத்து வண்டு. நூற்றுக்கணக்கான மர வகைகளில், வீட்டு உத்தரம், நாற்காலிக் கால் வரை இதைப் பார்த்திருக்கிறார்கள். வயதான திராட்சைத் தண்டில் வெடிப்பு, உரிந்த பட்டை, காய்ந்த கவாத்து முனை இருந்தால் அங்கே முட்டை வைக்கும். இதன் புழு தூளை வெளியே தள்ளாது. தின்ற சுரங்கத்திலேயே மாவு மாதிரி இறுக்கி அடைத்துக்கொண்டு முன்னேறும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டு வெளியேறிய துளையைப் பார்க்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று வெற்றுச் சத்தம் வரும்.

மூன்றாவது, ஸ்தீனியாஸ் கிரைசேட்டர். இது துளைப்பான் என்பதைவிட வளையம் போடுகிறவன். பட்டை நிறத்திலேயே சாம்பலாக இருப்பதால் பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. தாய் வண்டு இரவில் வந்து தண்டைச் சுற்றிப் பட்டையையும் அடியில் உள்ள மரத்தையும் மோதிரம் போட்ட மாதிரிக் கடித்து அறுக்கும். அறுத்த இடத்துக்கு மேலே பட்டைக்குள் முட்டை வைக்கும். தன் குஞ்சுகளுக்குக் காய்கிற மரம் வேண்டும் என்று அதுவே காய வைக்கிறது. சின்னக் கொடியாக இருந்தால் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்திலேயே அறுத்துவிடும், மொத்தக் கொடியும் போகும். மல்லிகை, ரோஜா, முசுக்கொட்டை, காகிதப்பூ எல்லாவற்றிலும் இதே வேலையைச் செய்யும்.

இவை தவிர, குண்டூசி முனை அளவு துளைகள் கூட்டமாக இருந்தால் அது வேறு. பலவீனமான தண்டைத் தேடி வரும் மிகச் சிறிய வண்டு. மண் பூசின மாதிரிப் பாதை இருந்தால் கரையான். இந்த இரண்டையும் மேலே சொன்ன மூன்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தெளிப்பு ஏன் பலிப்பதில்லை

ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். ரசாயனம் அடிக்கிறவரும் சரி, நாமும் சரி, பூச்சி என்றதும் தெளிப்பான் தொட்டியைத்தான் தூக்குகிறோம். புழு இருப்பது மரத்தின் வைரத்துக்குள்ளே. மேலே அடிக்கிற எதுவும் அதைத் தொடாது. விஷ மருந்துக்கே இந்தக் கதி என்றால், அக்னி அஸ்திரமோ இஞ்சி பூண்டு கரைசலோ உள்ளே போகும் என்று நம்புவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இலைப்புழுவுக்கு அவை நல்ல ஆயுதங்கள். இங்கே இல்லை.

ரசாயனக்காரர்கள் வெகுகாலமாகத் துளைக்குள் டைக்ளோர்வாஸ் ஊற்றி அடைத்தார்கள். அந்த மருந்தை 2018ல் வந்த மத்திய அரசாணை 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்துவிட்டது. சிலர் நெல் மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துளையில் திணிக்கிறார்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து கிளம்பும் வாயு மனிதரைக் கொல்லும். பந்தலடியில் குழந்தைகள் விளையாடுகிற ஊர் நம் ஊர். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்படியானால் வழி? இந்த வண்டுகளின் வாழ்க்கையில் இரண்டு இடத்தில்தான் நமக்கு வாய்ப்பு இருக்கிறது. ஒன்று, முட்டை வைக்க வண்டு வெளியே சுற்றுகிற சில வாரங்கள். இன்னொன்று, முட்டை பொரித்துப் புழு சின்னதாக மேலாகவே தின்கிற முதல் சில வாரங்கள். இரண்டையும் விட்டுவிட்டால் அப்புறம் மீட்பு வேலைதான்.

முதல் மழையோடு வரும் விருந்தாளி

கருவேல வண்டு வருஷத்துக்கு ஒரு தலைமுறை. முதல் நல்ல மழை விழுந்ததும் வண்டு வெளியே வரும். மகாராஷ்டிராவில் அது ஜூன், ஜூலை. நம் பக்கம் ஆனிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை பார்க்கிறேன். முட்டை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிக்கும். அதன் பிறகு ஒன்பது, பத்து மாதம் புழு உள்ளேயே தின்னும். ஏரி நிரம்பிக் கோடி போகும் கார்த்திகையில் நாம் தூளைப் பார்க்கிறோம் என்றால், ஆடியில் வைத்த முட்டைக்கு இப்போதுதான் விழித்திருக்கிறோம் என்று பொருள்.

அதனால் ஆனி முதல் ஆவணி வரை, வாரம் இரண்டு இரவு, எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். தண்டிலும் பந்தல் கம்பி ஓரத்திலும் வண்டு உட்கார்ந்திருக்கும். கையால் எடுத்து மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டியதுதான். விளக்குப் பொறி வைத்தாலும் விழும். ஆனால் பொறியை மட்டும் நம்பாதீர்கள், கை வேகத்துக்கு அது ஈடாகாது. ஒரு பெண் வண்டைப் பிடித்தால், அது ஒவ்வொரு கொடியாக வைக்கப்போகிற முட்டைகள் அத்தனையும் தீர்ந்தது.

வேலி ஓரத்தில் நாட்டுக் கருவேலம் இருந்தால் வெட்ட வேண்டியதில்லை. (நான் சொல்வது சீமைக் கருவேலம் அல்ல.) அதை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளுங்கள். இளங்கிளைகளில் பட்டையை எலி சுரண்டின மாதிரிக் கடித்திருந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பந்தலில் டார்ச் வேலையை ஆரம்பிக்கலாம். பக்கத்தில் சவுக்குத் தோப்பு உள்ளவர்களும் அதே மாதிரிக் கவனிக்கணும், சவுக்கும் இதற்குப் பிடித்தமானது.

பட்டை உரித்தால் மூன்று பயன்

திராட்சைத் தண்டின் பட்டை வயதானால் நார் நாராக உரிந்து தொங்கும். அந்த இடுக்குத்தான் முட்டை வைக்க வசதி. கோடையில், மழை வருவதற்கு முன்பே, கையாலும் சணல் சாக்காலும் தேய்த்துத் தொங்கு பட்டையை எடுத்துவிடணும். கத்தி, அரிவாள் வேண்டாம். பச்சைப் பட்டையில் காயம் பட்டால் அதுவே புதுக் கதவைத் திறந்துவிடும். உதிர்ந்த பட்டையை அங்கேயே விடாமல் கூட்டி எரிக்க வேண்டும். மூடாக்குக்கு ஆகுமே என்று மனசு வரும். இதை மட்டும் மூடாக்கில் சேர்க்காதீர்கள்.

இந்த ஒரு வேலையால் மூன்று பயன். துளைப்பானுக்கு இடமில்லை. பட்டைக்கடியில் ஒளிகிற மாவுப்பூச்சிக்கும் இடமில்லை. தளிரை ஓட்டை போடும் தத்து வண்டும் பட்டை இடுக்கில்தான் முட்டை வைக்கும், அதற்கும் இடமில்லை.

உரித்த பிறகு ஒரு பூச்சு. நான் போடுவது: ஏரிக் களிமண் ஒரு பங்கு, பசுஞ்சாணம் ஒரு பங்கு, தூளாக்கின வேப்பம் பிண்ணாக்கு கால் பங்கு, பத்து லிட்டர் குழம்புக்கு வேப்பெண்ணெய் 200 மில்லி, அது கரைய கொஞ்சம் காதி சோப்பு. தோசை மாவு பதத்தில், தரையில் இருந்து பந்தல் வரை பூசணும். பெருமழைக்குப் பிறகு மறுபடி ஒரு கை. இது முட்டையைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. வெடிப்பை மூடுகிறது, வண்டு உட்காரத் தயங்குகிறது. முக்கியமாக, மண் நிறத் தண்டில் புதுத் தூளும் ஈரக் கசிவும் பளிச்சென்று தெரிகிறது.

கவாத்தில் வெட்டின காய்ந்த குச்சிகளைப் பந்தல் ஓரத்தில் அம்பாரமாகப் போட்டு வைப்பது, இரண்டாவது வண்டுக்கு விருந்து வைப்பது. உடனே அப்புறப்படுத்துங்கள். பந்தலுக்குச் சவுக்குக் கழி, மூங்கில் நட்டிருந்தால் அவற்றையும் வருஷம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கல்தூணுக்குச் செலவு அதிகம்தான், ஆனால் அதில் வண்டு ஏறாது. ஜப்பானில் திராட்சைக் கொம்புக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிற வேறொரு நீள்மீசை வண்டு உண்டு. அதுவும் தூளை வெளியே தள்ளாது. அங்கே விவசாயிகள் கவாத்தின்போது கணுவோரம் கறுத்த கொம்பைத் தேடி வெட்டி அழிக்கிறார்கள். கவாத்து என்பது அவர்களுக்கு வெட்டு வேலை மட்டுமல்ல, தணிக்கை வேலையும் கூட.

வாரம் ஒரு நடை, ஒரு நோட்டு

வங்கியில் தணிக்கை என்றால் எல்லாக் கணக்கையும் வரிசையாகப் பார்ப்போம். 'நல்ல பார்ட்டி' என்று எதையும் விடமாட்டோம். பந்தலிலும் அதையே செய்கிறேன். வரிசைக்கு எழுத்து, கொடிக்கு எண். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆடி முதல் தை வரை வாரம் ஒரு காலை, 260 கொடியின் காலடியையும் குனிந்து பார்க்கிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது. தூள் இருந்தால் தேதி போட்டுக் குறிப்பு. எடுத்த தூளைத் துடைத்து விட்டுவிடுவேன். அடுத்த வாரம் திரும்ப வந்தால் புழு உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் முடிந்தது. இந்தத் துடைக்கிற வேலையை விட்டால் பழைய தூளா, புதுத் தூளா என்று தெரியவே தெரியாது.

பக்கத்துக் கழனிக்காரர் ஒருமுறை கேட்டார்: "இன்னா மேனேஜர் சார், கொடிக்கெல்லாம் பாஸ்புக் போட்டுக் குடுத்துட்டியா?" போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். நோட்டுத் தொடங்கின வருஷம் 17 கொடியில் தூள் கண்டேன். மூன்றாவது வருஷம் 4 கொடியில். இது ஒரு சின்னத் தோட்டத்துக் கணக்கு, ஆராய்ச்சி முடிவு அல்ல. ஆனால் அந்த 17ல் ஒன்பது ஒரே மூலையில் இருந்தன என்பது நோட்டு இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது. கருவேலம் இருக்கிற மூலை அது. இப்போது டார்ச் சுற்று அங்கிருந்துதான் ஆரம்பம்.

துளை கண்டால் என்ன செய்வது

முதலில் கம்பி. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் முனையைத் தூண்டில் மாதிரி லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். வளைந்து போகிற சுரங்கத்துக்குப் பழைய பிரேக் கேபிள் நல்லது. துளைக்குள் மெதுவாக விட்டுத் திருகினால், வெண்ணெய் நிறத்தில் காலில்லாத புழு முனையில் மாட்டி வரும். வராவிட்டாலும், கம்பி முனையில் ஈரப்பசை ஒட்டினால் குத்துப்பட்டுவிட்டது என்று தெரியும். சின்னப் புழுவாக இருக்கையில் இந்த வைத்தியமே போதும்.

கம்பி எட்டாத ஆழத்தில் இருந்தால் உயிர் வழி இரண்டு உண்டு. ஒன்று, பவேரியா அல்லது மெட்டாரைசியம் பூஞ்சாணம். தண்ணீரில் கரைத்து சிரிஞ்சால் துளைக்குள் செலுத்தி, ஈரப் பஞ்சு வைத்துக் களிமண்ணால் மூட வேண்டும். இன்னொன்று, பூச்சியைக் கொல்லும் நூற்புழு. நம் பயிர் வேரைக் கெடுக்கிற நூற்புழு வேறு, இது வேறு. இதில் ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் நம் கோயம்புத்தூர் மண்ணில் கண்டறியப்பட்டு 1992ல் உலகுக்கு அறிமுகமானது. இவை புழுவைத் தேடிப் போய் உள்ளே நுழைந்து கொல்பவை. இரண்டுக்கும் ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. சாயங்காலம்தான் செலுத்தணும். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கணும். அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிறவர்கள் அதற்கும் பூஞ்சாணத்துக்கும் இடையே பத்து நாளாவது விடணும், தாமிரம் பூஞ்சாணத்தைக் கொன்றுவிடும்.

வளையம் போட்ட கொடியில் கம்பியும் சிரிஞ்சும் வேண்டாம். வளையத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டி, மேல் பகுதி முழுக்க எரியுங்கள். முட்டையும் புழுவும் அதில்தான் இருக்கின்றன. காய்ந்த கிளைதானே, அப்புறம் பார்க்கலாம் என்று பந்தலிலேயே விட்டால் அடுத்த தலைமுறை அங்கிருந்தே புறப்படும்.

அடித்தண்டு போனால்

அடித்தண்டே குடையப்பட்டாலும் கொடியை உடனே பிடுங்க வேண்டாம். வேர் நன்றாக இருந்தால், பழுதுபட்ட பகுதிக்குக் கீழே, கெட்டியான மரம் தெரிகிற இடத்தில் வெட்டிச் சாணப்பால் பூசுங்கள். கீழிருந்து வரும் தளிரில் வலுவான ஒன்றைப் பந்தலுக்கு ஏற்றினால், பழைய வேரின் பலத்தில் புதுக் கன்றைவிடச் சீக்கிரம் காய்ப்புக்கு வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குச்சி நட்டு வளர்த்த பன்னீர் திராட்சைக்குத்தான் இது கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும். டாக்ரிட்ஜ் மாதிரி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டின கொடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் காட்டுத் திராட்சை. இலை செழிப்பாக வரும், உங்கள் ரகத்துப் பழம் வராது. அங்கே ஒட்டுக்கு மேலே தளிர் கிடைத்தால் மட்டுமே இந்த வழி. இல்லையென்றால் புதுத் தளிரில் மறுபடி ஒட்டுக் கட்ட வேண்டும்.

மாத வாரியாக

சித்திரை, வைகாசி: தொங்கு பட்டை உரித்தல், எரித்தல், தண்டுப் பூச்சு, காய்ந்த குச்சி அகற்றல்.

ஆனி முதல் ஆவணி வரை: கருவேலம், சவுக்குக் கிளைகளில் கடிப்பு பார்த்தல், இரவு டார்ச் சுற்று, மழைக்குப் பின் மறு பூச்சு.

ஆடி முதல் தை வரை: வாரம் ஒரு தணிக்கை, தூள் துடைத்தல், கம்பி, தேவையானால் பூஞ்சாணம் அல்லது நூற்புழு.

எந்த மாதக் கவாத்தாக இருந்தாலும்: வெட்டு முகத்தில் துளை, தூள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நல்ல மரம் தெரியும் வரை கீழே வெட்டுதல்.

இதில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் மிகக் குறைவு. வேண்டியது முதுகு வளைகிற மனசும் ஒரு நோட்டும். ஒரே ஆள் செய்வதைவிடப் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆனி, ஆடியில் ஒரே வாரத்தில் வண்டு பொறுக்கினால் பலன் பல மடங்கு. வண்டுக்கு வேலி, சர்வே எண் எல்லாம் கிடையாது. மல்லிகை, முசுக்கொட்டை, மா வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் பயிரில் என்ன மாதத்தில் தூளோ வளையமோ காண்கிறீர்கள் என்று தேதியோடு இதழுக்கு எழுதுங்கள். இரண்டு வருஷக் குறிப்புகள் சேர்ந்தால் நம் பகுதிக்கென்றே ஒரு வண்டு நாட்காட்டி போட்டுவிடலாம்.